இரு மொழிப் பள்ளியும் இளஞ்சிறாரும்

பிள்ளையை எந்த மொழியிற் கற்பிப்பது என்னும் வினா இன்று கிழக்கிலங்கைக் கரையோரத்து இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. மருதமுனையிலே தறியின் முன் அமர்ந்து நெய்பவரும், சாய்ந்தமருதுக் கரையிலே வலை இழுப்பவரும், சம்மாந்துறை வட்டைகளிலே வேளாண்மை செய்பவரும், கல்முனைக் கடைத்தெருவிலே வாணிகம் புரிபவரும் தம் மக்களைப் பாடசாலையிற் சேர்க்கும் பருவம் வந்ததும் இதனைப் பற்றியே ஆலோசிக்கின்றனர். "ஆங்கிலம் தெரியாமல் நாம் பட்டது போதும்; பிள்ளையாவது முதலாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்திற் படிக்கட்டும்" என்பது தந்தையின் விருப்பம். "பேரப்பிள்ளை தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வளர்ந்தால் என்ன செய்வது?" என்பது உம்மம்மாவின் கவலை. இவ்விரண்டும் அன்பிலிருந்து பிறந்தவையே. எனினும் ஒரே பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி ஒரே வீட்டில் இரு வேறு அச்சங்கள் நிலவும்போது, அவற்றை அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது நலம் பயக்கும்.

இரு மொழியிற் கற்றல் இக்கரையோரத்துக்குப் புதியதன்று. இங்குள்ள முஸ்லிம் சிறுவன் பாடசாலைக்குச் செல்லும் வயதிலேயே குர்ஆன் மத்ரசாவுக்கும் செல்கின்றான். பாடசாலையில் அவன் கற்கும் தமிழ் எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வது. மத்ரசாவில் அவன் ஓதும் அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள். அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகள். காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் கண்ணைச் செலுத்தும் இப்பிள்ளை ஒருநாளும் திசை மயங்கியதாக எவரும் முறையிட்டதில்லை. அவனுடைய முன்னோரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, அரபு எழுத்தைக் கொண்டே தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்னும் ஒரு மரபையே உருவாக்கினர். சமயக் கல்வியும் வீட்டுக் கடிதமும் அவ்வெழுத்திலே நடந்த காலம் ஒன்று இருந்தது. ஆதலின் இளம் மூளை இரண்டு மொழியைத் தாங்காது என்னும் அச்சம் இம்மண்ணில் எழ வேண்டுவதில்லை. தாங்குமா என்பதன்று வினா. எவ்வாறு தாங்கச் செய்வது என்பதே வினா.

இதற்கு விடை தேடுங்கால், தொலைவிலுள்ள ஒரு பள்ளியை நோக்குவது பயனுடையது. யப்பான் நாட்டிலே சிசுவோக்கா மாகாணத்திலே நுமாசு என்றொரு நகரம் உண்டு. அந்நகரிலுள்ள கத்தோ பள்ளியில் 1992ஆம் ஆண்டு ஒரு புதிய ஏற்பாடு தொடங்கப்பட்டது. வீட்டில் யப்பானிய மொழியையன்றி வேறெதுவும் பேசாத ஆறு வயதுப் பிள்ளைகளை முதலாம் வகுப்பிற் சேர்த்து, கணிதம், விஞ்ஞானம் முதலிய பாடங்களை அவர்களுக்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தனர். யப்பானிய மொழிப் பாடம் யப்பானிய மொழியிலேயே நடந்தது. தொடக்க வகுப்புகளில் நாளின் பெரும்பகுதி ஆங்கிலத்திலும், மேல் வகுப்புகளில் ஏறத்தாழப் பாதி ஆங்கிலத்திலுமாகக் கல்வி அமைந்தது. யப்பானிலே தொடக்கப் பள்ளியொன்றில் இம்முறை கையாளப்பட்டது அதுவே முதன்முறையாகும்.

இம்முறைக்கு முன்மாதிரி கனடாவில் இருந்தது. 1965ஆம் ஆண்டிலே மொன்றியல் நகருக்கு அணித்தான சென் லாம்பேர் என்னும் ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் ஒன்றுகூடித் தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியிற் பாடம் நடத்துமாறு பள்ளி நிருவாகத்தை வேண்டினர். பிள்ளைகள் கணிதத்திலோ தாய்மொழியிலோ பின்தங்கிவிடுவார்களோ என்று பலரும் ஐயுற்றனர். மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் லாம்பேட் என்னும் உளவியலறிஞர் அப்பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்து, அவ்வாறு பின்தங்கவில்லை என்று காட்டினார். நுமாசுப் பள்ளியிலும் பின்னர் நடந்த ஆய்வுகள் இதனையே உணர்த்தின. அப்பிள்ளைகள் தம் வயதினரான ஏனைய யப்பானியச் சிறுவரோடு ஒப்பிடுமிடத்துக் கணிதத்திலும் தாய்மொழியிலும் குறைந்துவிடவில்லை. ஆங்கிலமோ அவர்களுக்கு மேலதிகச் செல்வமாக வந்து சேர்ந்தது.

இதனைக் கேட்டவுடன், "அப்படியாயின் கல்முனையிலும் அவ்வாறே செய்துவிடலாமே" என்று ஒரு தந்தை கூறுவார். ஆனால் ஒரு நாற்றை வேறொரு வயலில் நடுமுன் அது விளைந்த மண்ணையும் பார்த்தல் வேண்டும். நுமாசுப் பள்ளி வெற்றி பெற்றமைக்குச் சில காரணங்கள் உள்ளன. முதலாவதாக, அங்கே பிள்ளையின் தாய்மொழி எவ்வகையிலும் நலிவடையும் நிலையில் இல்லை. வீதியிலும் கடையிலும் வானொலியிலும் நூலகத்திலும் அவனைச் சுற்றி யப்பானிய மொழியே ஒலிக்கின்றது. இரண்டாவதாக, தாய்மொழிப் பாடத்தை அப்பள்ளி சுருக்கிவிடவில்லை. யப்பானியத் தொடக்கப் பள்ளி மாணவன் ஆறு ஆண்டுகளில் 1,026 சீன எழுத்துகளைக் கற்றாதல் வேண்டும். அவற்றோடு ஹிரகானா, கத்தகானா என்னும் இரு வகை ஒலியெழுத்துகளும் உண்டு. ஆங்கிலத்திற் கணிதம் படிக்கும் பிள்ளைக்கும் இக்கடமையிலிருந்து விலக்கில்லை. மூன்றாவதாக, ஆங்கிலத்திற் பாடம் நடத்துவோர் அம்மொழியில் நிரம்பிய புலமையும் சிறுவரைப் பயிற்றும் திறனும் ஒருங்கே உடையோர். நான்காவதாக, பெற்றோர் அறிந்து விரும்பித் தெரிந்தெடுத்த வழி அது; கட்டணம் செலுத்திப் பயிலும் தனியார் பள்ளியும் அது.

இந்நான்கினுள் ஒன்று குறைந்தாலும் விளைவு மாறிவிடும். லாம்பேட் அவர்களே 1970களில் இதனை விளக்கினார். புதிய மொழி ஒன்று பழைய மொழியின் மேற் கூடுதலாக வந்து சேருமாயின் அது செல்வம். பழைய மொழியை அகற்றிவிட்டு அதன் இடத்தில் வந்து அமருமாயின் அது இழப்பு. வீட்டு மொழி வலுவாக வேரூன்றிய பிள்ளைக்கு முதலாவது நிகழும். வேரூன்றாத பிள்ளைக்கு இரண்டாவது நிகழும். இரு பிள்ளைகளும் ஒரே ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கலாம். ஒருவன் அதிலிருந்து பொருளை எடுக்கின்றான். மற்றவன் ஒலியை மட்டும் எடுக்கின்றான்.

யப்பானிய அரசாங்கம் பொதுப் பள்ளிகளிலே இவ்வளவு வேகமாகச் செல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. அங்கே 2011ஆம் ஆண்டிலேதான் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளை அளவில் அயல்மொழிப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு முதல் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு அப்பயிற்சி இறக்கப்பட்டு, ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முறையான பாடமாக ஆங்கிலம் இடம்பெற்றது. பாட்டும் விளையாட்டும் உரையாடலுமாக முதலிற் காதுக்கு ஊட்டி, எழுத்தையும் இலக்கணத்தையும் பின்னர்க் கொடுப்பது அவர்கள் வகுத்த முறை.

இலங்கையோ இவ்வகையில் யப்பானுக்கு முந்திக்கொண்டது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தபோது, தொடக்கக் கல்வி தாய்மொழியிலேயே நடத்தல் வேண்டும் என்னும் கொள்கையும் அதனோடு வந்தது. ஆங்கிலம் ஒரு சிலரின் உடைமையாக இருந்த காலத்தில், ஏழைப் பிள்ளைக்கு அறிவின் வாயிலைத் திறந்துவிட்ட கொள்கை அது. 1998ஆம் ஆண்டை ஒட்டி நடந்த கல்விச் சீர்திருத்தத்தின்போது, முதலாம் வகுப்பிலிருந்தே செயல்வழி வாய்மொழி ஆங்கிலம் புகுத்தப்பட்டது. புத்தகமும் பரீட்சையும் இன்றி, பாட்டாலும் விளையாட்டாலும் ஆசிரியரின் சிறு சிறு ஏவல்களாலும் ஆங்கில ஒலியைப் பழக்குவதே அதன் நோக்கம். மூன்றாம் வகுப்பிற்றான் ஆங்கிலப் பாடநூல் கைக்கு வருகின்றது. அதன்மேல், ஆறாம் வகுப்பிலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்திற் பயிலும் இருமொழிக் கல்வி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே அரசாங்கப் பாடசாலைகளுக்கு வந்தது. கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்திலும், தாய்மொழி, சமயம், வரலாறு ஆகியவற்றைத் தாய்மொழியிலும் மாணவர் கற்பர்.

இவ்வமைப்பின் உட்பொருளை உணர்தல் வேண்டும். ஐந்தாண்டு தாய்மொழியில் ஊன்றி நின்று, அக்காலத்திலேயே ஆங்கிலத்தைக் காதாற் கேட்டுப் பழகி, பின்னர் பதினொரு வயதளவில் ஆங்கிலத்தை அறிவுக்குரிய கருவியாகவும் எடுத்துக்கொள்ளல் என்பதே அது. வழி நன்றாக வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும் வாய்மொழி ஆங்கிலத்துக்கென ஒதுக்கிய வேளையிற் பாட்டும் விளையாட்டும் நிகழாது, கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதுதலே நிகழுமாயின், அவ்வழியின் முதற் படி அங்கேயே உடைந்துவிடும். புலமைப் பரிசிற் பரீட்சையை எண்ணி மூன்றாம் வகுப்பிலிருந்தே மாதிரி வினாத்தாள்களில் பிள்ளையை அமிழ்த்துவோமாயின், கதை வாசிக்கும் இன்பம் அவனுக்கு எந்த மொழியிலும் கிட்டாது போகும்.

இனி, இக்கரையோரப் பிள்ளை ஆங்கிலம் கற்கும்போது எங்கே இடறுகின்றான் என்பதையும் நோக்குவோம். வியப்புக்குரிய செய்தி யாதெனின், யப்பானியப் பிள்ளையும் ஏறத்தாழ அதே இடத்திலேயே இடறுகின்றான். "உம்மா சந்தையில் மீன் வாங்கினார்" என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்க. தமிழிலே வினை ஈற்றில் நிற்கும். இடத்தைக் குறிக்கும் உருபு பெயருக்குப் பின்னே வரும். யப்பானிய மொழியிலும் அவ்வாறே. ஆங்கிலத்திலோ "உம்மா" என்றவுடன் "வாங்கினார்" வந்துவிடும். மீன் அதன் பின்னரும், சந்தை இறுதியிலும் வரும். உருபு பெயருக்கு முன்னே வந்து நிற்கும். பிள்ளை தன் மனத்தில் அமைந்துள்ள வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியவனாகின்றான். இதனை அறிந்த ஆசிரியர் அவன் பிழையைக் கண்டு சினங்கொள்ளார். அது மந்தபுத்தியினால் நேர்ந்ததன்று, தாய்மொழியின் ஒழுங்கிலிருந்து நேர்ந்தது என்று அறிந்து, சொற்களை அட்டைகளில் எழுதி இடம் மாற்றி வைக்கச் செய்து விளக்குவார்.

ஒலிப்பில் இப்பிள்ளைக்கு ஒரு நற்பேறும் உண்டு. யப்பானியச் சிறுவனுக்கு ரகர லகர வேறுபாடு காதிற் படுவது அரிது. தமிழ்ப் பிள்ளைக்கோ ர, ற, ல, ள, ழ என்னும் ஐந்தும் நாவிற் பழகியவை. தமிழிலே பகரம் ஒன்றே உண்டு. பல்லும் உதடும் பொருந்தப் பிறக்கும் ஆங்கில ஒலி அதில் இல்லை. ஆனால் ஃபாத்திஹா ஓதப் பழகிய சிறுவனின் உதட்டில் அவ்வொலி முன்னரே வந்து அமர்ந்துவிட்டது. அரபு மொழியிற் பகரம் இல்லை. தமிழில் அந்த ஃபகரம் இல்லை. இரண்டையும் கற்ற இவனிடம் இரண்டும் உண்டு. மத்ரசாவில் லெப்பை திருத்திய ஒலிப்பைப் பாடசாலை ஆசிரியர் ஆங்கில வகுப்பிலே நினைவூட்டிப் பயன்கொள்ளலாம். பிள்ளையின் ஒரு மொழி மற்றொரு மொழிக்குப் பகையன்று. துணை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

சிங்கள மொழியைப் பொறுத்தமட்டில் பாதை இன்னும் எளிது. அதிலும் வினை ஈற்றில் நிற்றலே பெருவழக்கு. சொல்லைச் சொல்லாக வைத்தாலே பெரும்பாலும் வாக்கியம் அமைந்துவிடும். அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் அயலயலே வாழும் மாவட்டம் இது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் வகுத்தது. சட்டம் உரிமையைத் தரும். அயலவனோடு முகம் பார்த்துப் பேசும் ஆற்றலைப் பாடசாலையே தருதல் வேண்டும். அலுவல் நிமித்தம் வெளியூர் செல்லும் தந்தை தம் கையிலுள்ள கடிதத்தை வாசித்துச் சொல்ல யாரையேனும் தேடி நிற்கும் நிலை அடுத்த தலைமுறைக்கும் தொடரலாகாது.

நேயர்களே! யப்பானிய மொழிச் சொல் ஒன்று இக்கரையோரத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் தெரியும். அதனை எவரும் விரும்பிக் கற்றதில்லை. 'சு' என்பது துறைமுகம். 'நாமி' என்பது அலை. இரண்டும் சேர்ந்த அச்சொல்லை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் இங்கே அறிந்திருந்தோர் மிகச் சிலரே. அன்று காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னரே அலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் அந்த இழப்பை இன்னும் சுமக்கின்றன. இடையிலே கழிந்த அவ்வளவு நேரத்தில், நிலம் அதிர்ந்த செய்தியை உலகின் ஆய்வுகூடங்கள் அறிந்திருந்தன. அச்செய்தி கரையிலிருந்தவர்களுக்கு விளங்கும் மொழியில் வந்து சேரவில்லை.

யப்பானிலே இவ்வறிவு ஒரு பள்ளிப் பாடத்தின் வழியாகப் பரவிய வரலாறு அறியத்தக்கது. 1854ஆம் ஆண்டு கீ தீபகற்பத்திலுள்ள ஹிரோ என்னும் கிராமத்தைக் கடல் அலை தாக்கியது. ஹமகுச்சி கொர்யோ என்னும் செல்வர் அன்றிரவு வயலிலிருந்த வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டு, இருளில் திசை தெரியாது தவித்தவர்களை மேட்டு நிலத்துக்கு வழிகாட்டினார். பின்னர்த் தம் பொருளைச் செலவிட்டு, வாழ்விழந்த ஊராருக்கே கூலி கொடுத்துக் கடற்கரையிலே பேரணை ஒன்றையும் எழுப்பினார். 1946ஆம் ஆண்டு மீண்டும் அலை வந்தபோது அவ்வணை ஊரைக் காத்தது.

இந்நிகழ்ச்சியை லவ்காடியோ ஹேர்ண் என்னும் எழுத்தாளர் 1897இல் ஆங்கிலத்திலே கதையாக எழுதினார். கிரேக்கத் தீவொன்றிற் பிறந்து யப்பானியக் குடிமகனாக மாறியவர் அவர். அவர் கதையிலே, குன்றின் மேலிருந்த முதியவர் கடல் பின்வாங்குவதைக் கண்டு, அறுவடை செய்து குவித்திருந்த தம் நெற்சூடுகளையே கொளுத்துகின்றார். தீயணைக்க ஊரார் குன்றேறி ஓடி வருகின்றனர். அதனால் உயிர் தப்புகின்றனர். களவெட்டியிற் குவித்த சூடு எரிவதென்றால் என்னவென்று சம்மாந்துறையாருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஓராண்டு உழைப்பு ஒரு நாழிகையிற் சாம்பலாவது அது. பின்னர் நாக்காய் சுனெசோ என்னும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் அவ்வாங்கிலக் கதையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் எளிய யப்பானிய நடையில் எழுதினார். 1937 முதல் 1947 வரை அது அந்நாட்டுத் தேசியப் பாடநூலில் இடம்பெற்றது. ஹமகுச்சி தீ மூட்டிய நிகழ்ச்சியின் நினைவாகவே நவம்பர் 5ஆம் நாளை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்தது.

இருமொழிக் கல்வியின் உண்மையான பயன் இக்கதையின் பயணத்தில் அடங்கியுள்ளது. யப்பானில் நிகழ்ந்தது ஆங்கிலத்துக்குச் சென்றது. ஆங்கிலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் அதனைத் தம் மொழிக்கு மீட்டுக் கொணர்ந்தார். அவர் ஆங்கிலம் மட்டும் அறிந்தவராயின், ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எட்டியிராது. யப்பானிய மொழி மட்டும் அறிந்தவராயின், அக்கதை அவர் கைக்கே வந்திராது.

அப்பாடத்தை அப்படியே பெயர்த்து இங்கே வைத்தலும் போதாது. அதிர்ச்சியை உணர்ந்தால் ஓடு, கடல் உள்வாங்கினால் ஓடு என்பது யப்பானியப் பிள்ளை கற்பது. கிழக்கிலங்கைக்கோ அதிர்வு நிகழும் இடம் நெடுந்தொலைவு. அதனை உடம்பால் உணர்தல் அரிது. 2004இல் இக்கரையிற் கடல் உள்வாங்கி முன்னறிவிப்புத் தரவுமில்லை. முதலிலேயே நீர் உயர்ந்து வந்தது. ஆதலின் இங்குள்ள பிள்ளைக்கு இயற்கையின் குறிப்பினும் வானொலியின் சொல்லே பெரிய காவல். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் அதிர்வு நேர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்ளூருக்குப் பெயர்ந்தனர். அன்று பேரலை எழவில்லை. ஆயினும் சொல் வந்தது. வந்த சொல் விளங்கியது. விளங்கியதனால் மக்கள் எழுந்து நடந்தனர். இத்தகைய பாடத்தை யப்பானிய நூலையும் ஆங்கில அறிக்கையையும் பார்த்து, இக்கடலின் இயல்புக்கேற்பத் திருத்தி, இவ்வூர்த் தமிழில் எழுதவல்ல ஒருவர் வேண்டும். அவர் இன்று கல்முனைப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருக்கலாம்.

அத்தகையோர் முன்னும் தோன்றியுள்ளனர். சித்தி லெப்பை அவர்கள் ஆங்கிலம் கற்ற சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கி உலகச் செய்திகளை மக்களுக்கு அறிவித்தார். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலும் மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அவ்விஞ்ஞான அறிவையும் தமிழ்ப் புலமையையும் இணைத்து 'யாழ் நூல்' தந்தார். ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942இல் உத்தியோக நிமித்தம் கல்முனைக்கு வந்தார். இங்கே கல்வியின்றி வாடிய ஏழைப் பிள்ளைகளின் நிலை அவர் உள்ளத்தைத் தொட்டது. விபுலாநந்த அடிகளோடு நட்புக் கொண்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று. ஆங்கிலத்தில் உயர்ந்த அவரே 'இலங்கையில் இஸ்லாம்' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். இம்மூவரும் ஆங்கிலத்தை நாடிச் சென்றனர். ஆயினும் தமிழை விட்டுச் செல்லவில்லை.

இனிச் செய்யத்தக்கவை யாவை? பெற்றோர் செய்யக்கூடியது பெரும்பொருட் செலவுடையதன்று. ஐந்து வயது முதல் எட்டு வயது வரை நாள்தோறும் கால் மணி நேரம் வீட்டிலே தமிழ்க் கதை வாசித்தல் அல்லது சொல்லுதல் வேண்டும். உம்மம்மா சொல்லும் கதையும் பாடமே. கதை கேட்டுப் பழகிய செவி எந்த மொழியின் வாக்கியத்தையும் விரைவிற் பற்றிக்கொள்ளும். ஆங்கிலம் அறியாத தாயும் தந்தையும் தம்மால் ஆவதொன்றுமில்லை எனச் சோர்தல் ஆகாது. "இன்று ஆங்கிலத்தில் என்ன படித்தாய், மகன்? வாப்பாவுக்குத் தமிழிற் சொல்லு" என்று கேட்டாற் போதும். அவன் தடையின்றிச் சொல்வானாயின் பொருள் அவனுக்குள் சென்றுள்ளது. வாய் திறவாது நிற்பானாயின், அவன் ஒப்புவித்த ஆங்கிலம் வெறும் ஒலியே என அறிந்து ஆசிரியரை அணுகலாம். ஆங்கிலமறியாத தந்தை ஆங்கிலக் கல்வியை அளந்தறிவதற்கு இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

ஆசிரியர் செய்யக்கூடியதும் உண்டு. தறியும் பாவும், தோணியும் வலையும், வயலும் வாய்க்காலும் என்று பிள்ளை நாளும் காணும் பொருள்களின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அட்டையில் எழுதி வகுப்பறைச் சுவரில் தொங்கவிடலாம். பனியும் பைன் மரமும் பற்றிய ஆங்கிலப் பாட்டுக்கு முன்னர், கடலும் தென்னையும் பற்றிய சிறு வாக்கியங்களைப் பயிற்றலாம். கல்முனைப் பாடசாலை ஒன்றும் அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஒன்றும் தவணைக்கொருமுறை ஒன்றையொன்று சந்தித்து விளையாடிப் பேசினால், ஆண்டு முழுதும் பாடநூல் கற்பிப்பதினும் மிகுதியாகச் சிறுவர் இரு மொழியையும் கற்றுக்கொள்வர்.

அதிகாரிகள் செய்யவேண்டியது ஆசிரியரை ஆக்குதல். ஆங்கிலத்திற் பாடம் நடத்துக என்று சுற்றறிக்கை அனுப்புவது எளிது. அதனை நடத்தவல்ல ஆசிரியரைப் பயிற்றுவது அரிது. கணிதம் அறிந்தவருக்கு ஆங்கிலமும், ஆங்கிலம் அறிந்தவருக்குச் சிறுவர் உளமும் கற்பித்தாலன்றி இருமொழிக் கல்வி பெயரளவிலேயே நிற்கும். அட்டாளைச்சேனையிலே ஆசிரியர்களை உருவாக்கும் கல்விக்கூடமும் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அமைந்திருக்க, இப்பணிக்கு வேறிடம் தேட வேண்டுவதில்லை.

பிள்ளையைத் தமிழிற் கற்பிப்பதா, ஆங்கிலத்திற் கற்பிப்பதா என்று பிளவுபட்டு நிற்கும் வீட்டாருக்கு இறுதியாகக் கூறத்தக்கது இது: தந்தையின் விருப்பமும் நியாயம், உம்மம்மாவின் அச்சமும் நியாயம். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வழியுண்டு. வரிசை ஒன்றே காக்கப்பட வேண்டும். எந்த மொழியிற் பிள்ளை கனவு காண்கின்றானோ அம்மொழியில் முதலில் அவன் வாசிக்கட்டும். அதன்மேல் அடுத்த மொழியை அவன் கேட்கட்டும், பேசட்டும், பின்னர் அதிலே கற்கட்டும். அவ்வாறு கற்றவன் உலகத்தின் அறிவைத் தேடிச் சென்று, அதனைத் தன் ஊராருக்கு விளங்கும் சொல்லில் எடுத்து வருவான். கரையோரத்து மக்களுக்கு வேண்டுவது அத்தகைய பிள்ளைகளே.